மூச்சிரைப்போடு ஒரு தங்கப் பதக்கம்! பெரம்பூர் சைக்கிள் வீரர்களுக்கு ஓர் அலர்ஜி காலண்டர்

பெரம்பூருக்கும் சைக்கிளுக்கும் பழைய சொந்தம். பின்னி மில்லுக்கும், 1955-ம் ஆண்டு தொடங்கிய ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஒரு தலைமுறையே கேரியரில் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய் வந்தது. அந்தத் தாத்தாக்களின் பேரன் பேத்திகள் இன்று ஹெல்மெட்டும் ஜெர்சியுமாக விடியற்காலையில் மாதவரம், புழல், செங்குன்றம், வெளிவட்டச் சாலை என்று ரேஸ் சைக்கிளில் பறக்கிறார்கள்.

இவர்களிடம் ஒரு புகாரை அடிக்கடி கேட்கலாம். "ஆறு மாசம் நல்லா ஓட்டறேன். மழை ஆரம்பிச்சா தும்மல். மார்கழி வந்தா மூச்சு வாங்குது. கால் ஓடத் தயாரா இருக்கு, நெஞ்சு ஒத்துழைக்க மாட்டேங்குது." வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததுதான். "பனியில போகாதேன்னு சொன்னா கேட்டியா?"

பனி மட்டும்தான் காரணமா? அலர்ஜி இருப்பவர்கள் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதானா? இரண்டு கேள்விக்கும் பதில், இல்லை என்பதுதான். ஆனால், தவறான மாத்திரை ஒன்று உடம்பைக் கெடுப்பதோடு, விளையாட்டு வாழ்க்கையையும் முடித்துவிடக் கூடும். அதனால் இந்த விஷயத்தை வீரர்கள் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

பஞ்சாபி அப்பாவின் மகன்

1984-ம் ஆண்டு ஜூலை 29. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலை சைக்கிள் பந்தயம். ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரம், கொளுத்தும் வெயில். கடைசியில் கனடாவின் ஸ்டீவ் பாவரும் அமெரிக்காவின் அலெக்ஸி கிரேவாலும் மட்டும் முன்னால் வந்தார்கள். எல்லைக்கோட்டை நெருங்கும்போது பாவரை முந்தித் தங்கம் வென்றார் கிரேவால். ஆண்கள் சாலைப் பந்தயத்தில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

கிரேவாலின் அப்பா இந்தியாவிலிருந்து குடியேறிய சீக்கியர். மகனுக்கு ஆஸ்துமா. அதற்கான மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு, வேறொரு பந்தயத்தில் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார். 30 நாள் தடை. ஒலிம்பிக் கனவு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு, அந்தப் பரிசோதனையால் தடைசெய்யப்பட்ட பொருளையும் அவருடைய ஆஸ்துமா மருந்தையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்ற அடிப்படையில் தடை நீக்கப்பட்டது. பத்தே நாளில் தங்கப் பதக்கம்!

அதே ஒலிம்பிக்கில் இன்னொரு சுவாரஸ்யம். அமெரிக்க அணியில் இருந்த 597 பேரில் 67 பேருக்கு உடற்பயிற்சியின்போது மூச்சுக்குழாய் சுருங்கும் பிரச்னை இருந்தது. அந்த 67 பேர் மட்டும் வென்ற பதக்கங்கள் 41. மூச்சிரைப்பு இருக்கிறது என்பதே ஒருவர் விளையாடக் கூடாது என்பதற்குக் காரணமாகாது என்று அன்றே உலகம் புரிந்துகொண்டது.

சைக்கிள் வீரருக்கு ஏன் அதிகம்?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை சுவாசிக்கிறார். முழு வேகத்தில் பந்தயம் ஓட்டும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவரைவிடப் பத்து மடங்குக்கும் மேலான தூசியும் மகரந்தமும் சைக்கிள் வீரரின் நுரையீரலுக்குள் போகக்கூடும்.

இன்னொரு விஷயம், மூக்கு. வடிகட்டுவது, சூடாக்குவது, ஈரமாக்குவது என்று மூன்று வேலைகளை மூக்கு செய்கிறது. வேகம் கூடினால் வாய் வழியாகத்தான் மூச்சு விட முடியும். வடிகட்டாத, ஈரமில்லாத காற்று நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. உட்சுவர் காய்ந்துபோய், அங்கே இருக்கும் செல்கள் சில ரசாயனங்களை வெளியிடுகின்றன. குழாய் சுருங்குகிறது. இதைத்தான் உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஏற்கெனவே மூக்கில் அலர்ஜி இருந்தால் இது இன்னும் எளிதாகக் கிளம்பும். மூக்கு அடைத்திருந்தால் மெதுவாக ஓட்டும்போதும் வாயால்தானே மூச்சு விட வேண்டும்?

இதை அடையாளம் காண ஒரு சின்ன துப்பு உண்டு. சாதாரணக் களைப்பு என்றால், சைக்கிளை நிறுத்திய சில நிமிடங்களில் மூச்சு சீராகிவிடும். மூச்சுக்குழாய்ச் சுருக்கமோ, நிறுத்திய பிறகுதான் அதிகமாகும். 5 முதல் 10 நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். இருமல் வரும், நெஞ்சு இறுகும், விசில் சத்தம் கேட்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகக் குறையும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, வேகத்தைக் குறைத்ததும் சட்டென்று சரியாகிறதா? அது குரல்வளை சுருங்கும் வேறு பிரச்னையாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் உதவாது, மூச்சுப் பயிற்சிதான் உதவும். அதனால் நண்பரின் இன்ஹேலரை வாங்கி அடித்துப் பார்ப்பதைவிட, முறையாகப் பரிசோதித்துக்கொள்வதே சரி.

அந்தப் பரிசோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் முழு பலத்தோடு ஊத வேண்டும். பிறகு கடினமாக ஓடவோ, சைக்கிள் மிதிக்கவோ வைத்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைந்தால் பிரச்னை உறுதி. பெரம்பூர்வாசிகளுக்கு ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் தூரமில்லை.

வட சென்னையின் அலர்ஜி காலண்டர்

ஐரோப்பாவில் 'அலர்ஜி சீஸன்' என்றால் வசந்த காலம், புல் மகரந்தம். சென்னையில் அப்படி ஒரே சீஸன் கிடையாது. மாதத்துக்கு மாதம் வில்லன் மாறுகிறான்.

*மார்ச் முதல் ஜூன் வரை:* வறண்ட தூசிதான் முதல் எதிரி. லாரி போகும் சாலைகளின் ஓரத்தில் படிந்திருக்கும் மண் எழும்பிக்கொண்டே இருக்கும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கோடையில் தீப்பிடித்தால் அன்று அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். ஒரே ஆறுதல் கடற்காற்று. ஆனால் அது பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகுதான் உள்ளே வரும்.

*ஜூலை முதல் செப்டம்பர் வரை:* மாலை மழை பெய்யும். காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் புல்லும் பார்த்தீனியமும் செழித்துப் பூக்கும். பார்த்தீனியத்தின் மகரந்தம் மூக்கை மட்டுமல்ல, தோலையும் பதம் பார்க்கும். செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டங்களில் மாணவ மாணவியருக்கு நடக்கும் மிதிவண்டிப் போட்டிகள் இந்தப் பருவத்தின் கடைசியில்தான் வருகின்றன. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து, 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓட்டுவார்கள். பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பந்தயம். முதல்முறையாக மூச்சு இறுகுவதும் அங்கேதான்.

*அக்டோபர் முதல் டிசம்பர் வரை:* வடகிழக்குப் பருவமழை. மகரந்தம் குறையும், பூஞ்சை கூடும். சுவரில் ஈரம் ஏறி கரும்பச்சையாகப் படரும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலக்கும். துணி காயாது. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். வெளியே ஓட்டாத நாளிலும் தும்மல் வருவதன் ரகசியம் இதுதான்.

*டிசம்பர் முதல் பிப்ரவரி வரை:* இங்கேதான் 'பனி ஒத்துக்கலை' என்ற பேச்சு வருகிறது. உண்மையில் பனித்துளி குற்றவாளி அல்ல. குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மேலே எழும்பாமல் அப்படியே தங்கிவிடும். மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோலப் பொத்திக்கொள்ளும். லாரிப் புகை, ஆலைப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அந்த மூடிக்குள் மாட்டிக்கொள்ளும். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள், துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் என்று சூழ்ந்திருக்கும் வட சென்னையில் இதன் பாதிப்பு கூடுதல். டீசல் புகைத் துகள், அலர்ஜியைத் தூண்டும் பொருளோடு சேர்ந்தால் உடம்பு காட்டும் எதிர்ப்பு இன்னும் வலுவாகிறது என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம்.

இதன் உச்சம் போகி. பழையன கழிதல் என்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் அந்தக் காலையில், விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு. அன்று வெளியில் ஓட்டாமல் இருப்பது கோழைத்தனம் அல்ல. அடுத்த நாள் பொங்கலன்றும் புகை முழுதாகக் கலைந்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், வெயில் தணிந்த இந்த மாதங்கள்தான் நீண்ட தூரப் பயிற்சிக்கு உகந்தவை. 2024-ம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள்கூட ஜனவரி 19 முதல் 31 வரைதான் நடந்தன. பந்தயத் தேதி அலர்ஜியைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. அதனால் உடம்பைத்தான் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்.

எந்த நேரம், எந்த ரோடு?

கோடையில் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது சரி. மார்கழி, தை மாதங்களில் அதே நேரம் புகை தரையோடு கிடக்கும் நேரம். சூரியன் ஏறி, தரை கொஞ்சம் சூடானால்தான் காற்று கலைந்து மேலே போகும். ஆனால், எட்டு மணிக்கு மேல் டிராஃபிக் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். அல்லது வார நாள்களில் கடினமான பயிற்சியை வீட்டுக்குள் டிரெய்னரில் முடித்து, நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காற்றின் தரத்தைக் கண்ணால் பார்த்துக் கணிக்க வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் என்று வட சென்னை நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. குறியீடு 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், அதற்கு மேல் மிக மோசம். ஆஸ்துமா உள்ளவர்கள் 100-ஐத் தாண்டினாலே கடினமான பயிற்சியைக் குறைத்துக்கொள்வது நல்லது. 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள் இருந்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரோடு தேர்விலும் கவனம் தேவை. கன்டெய்னர் லாரிகள் நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி நெடுஞ்சாலைப் பகுதிகளில் வேகப் பயிற்சி வேண்டாம். விபத்து ஆபத்து ஒரு பக்கம், புகை மறு பக்கம். பெரம்பூரிலிருந்து முதல் சில கிலோமீட்டர்களை மெதுவாக, மூக்கால் மூச்சுவிட்டபடி கடந்து, திறந்த வெளிக்குப் போன பிறகு வேகமெடுக்கலாம். மெதுவான ஓட்டத்துக்கு என்95 மாஸ்க் உதவும். முழு வேகத்தில் அதைப் போட்டுக்கொண்டு மூச்சுவிடுவது சிரமம். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி எப்போதும் நல்லது.

இடி மழைக்குச் சற்று முன்பு வீசும் காற்றில் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஈரத்தில் மகரந்தம் வெடித்து நுண்துகளாகி, நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடும். 2016-ம் ஆண்டு நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இப்படி ஒரு இடி மழை மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். அதுவரை மூக்கில் அலர்ஜி மட்டுமே இருந்து, ஆஸ்துமாவே வராதவர்களும் அன்று பாதிக்கப்பட்டார்கள்.

மருந்து: எது, எப்போது?

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, தும்மல் வந்த பிறகு மாத்திரை தேடுவது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாள்கள் பிடிக்கும். அதனால், எந்த மாதம் தொல்லை ஆரம்பிக்கிறது என்று தெரிந்தவர்கள் அதற்கு ஒன்று, இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிடுவது நல்லது. 'ஸ்டீராய்டு' என்றதும் பயப்பட வேண்டாம். மூக்கு ஸ்பிரேயும் இன்ஹேலர் ஸ்டீராய்டும் மிகச் சிறிய அளவில், அந்த இடத்தில் மட்டும் வேலை செய்பவை. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ள, ஊக்கமருந்து விதிகளிலும் இவற்றுக்கு அனுமதி உண்டு.

அலர்ஜி மாத்திரைகளில் பழைய ரகம் தூக்கத்தைக் கொண்டுவரும். குளோர்ஃபெனிரமைன் போட்டுக்கொண்டு, சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டமாகப் போவது ஆபத்து. அரை நொடி தாமதமாக பிரேக் பிடித்தாலும் பின்னால் வரும் பத்துப் பேர் விழுவார்கள். ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய ரகங்களில் தூக்கம் மிகக் குறைவு. அதைத் தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும். ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸோடு சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எந்த மாத்திரையாக இருந்தாலும் முதல்முறையாகப் பந்தய நாளில் போட்டுப் பார்க்கக் கூடாது.

மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும் என்பதால் பலரும் மாதக்கணக்கில் போடுகிறார்கள். ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். அதற்கு பதிலாக உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

நீல நிற இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால், ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு எடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்காமல் காக்கும். ஆனால், தினமும் இதை மட்டுமே நம்பினால் பலன் குறைந்துகொண்டே போகும். வாரத்தில் பல நாள் தேவைப்படுகிறது என்றால், அடிப்படை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவை என்று அர்த்தம்.

மருந்தில்லாத மருந்து ஒன்றும் உண்டு. அதுதான் வார்ம்-அப். பந்தயத்துக்கு முன் 15 நிமிடங்கள் மெதுவாக ஓட்டி, இடையிடையே சில விநாடிகள் வேகமெடுத்து நிறுத்தினால், பலருக்கு அடுத்த ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மூச்சுக்குழாய் மீண்டும் சுருங்குவது குறையும். காசும் செலவில்லை, தடையும் இல்லை!

மெடிக்கல் ஷாப் பொட்டலம்: ஜாக்கிரதை

நம் ஊரில் சளி, இருமல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் போதும். நான்கைந்து மாத்திரைகளைக் கத்தரித்து, ஒரு பேப்பர் கவரில் போட்டுத் தந்துவிடுவார்கள். உடனே கேட்கும். காரணம், அதில் பல நேரம் ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். சாதாரண ஆளுக்கே இது நல்லதல்ல. பந்தய வீரருக்கோ இது கண்ணிவெடி. ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ போட்டுக்கொண்டு போட்டியில் கலந்துகொள்வதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது 'வாடா' தடை செய்திருக்கிறது.

இருமல் சிரப்பும் அப்படியே. நம் கடைகளில் கிடைக்கும் பல சிரப்களில் டெர்பூட்டலின் என்ற பொருள் இருக்கிறது. இது போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதுமே தடைசெய்யப்பட்டது. 2016-ம் ஆண்டு பிரிட்டன் வீரர் சைமன் யேட்ஸ், ஆஸ்துமாவுக்காக எடுத்த டெர்பூட்டலினுக்கு அணியின் மருத்துவர் முன் அனுமதி வாங்கத் தவறியதால் நான்கு மாதத் தடையைச் சந்தித்தார். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் தண்டனை குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை.

'நாட்டு மருந்துதானே' என்ற நம்பிக்கையும் கூடாது. மூச்சிரைப்புக்கான சில ஆயுர்வேதத் தயாரிப்புகளில் சேரும் சோமலதா என்ற செடியில் எஃபெட்ரின் இருக்கிறது. அது போட்டியில் அளவுக்கு மேல் இருந்தால் தடை. ஆடாதொடையைப் பொறுத்தவரை அப்படியொரு சிக்கல் இல்லை. இருமல் சிரப்பில் இருக்கும் புரோம்ஹெக்ஸின் என்ற மருந்தே ஆடாதொடையின் வேதிப்பொருளைப் பின்பற்றி உருவானதுதான், அதுவும் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால், அது டெர்பூட்டலினோடு சேர்ந்து ஒரே பாட்டிலில் வரும்போதுதான் வம்பு. லேபிளை முழுதாகப் படிக்க வேண்டும்.

இன்ஹேலருக்கும் கணக்கு உண்டு. சால்பூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எந்த எட்டு மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் வழக்கமாக 100 மைக்ரோகிராம். ஆக, எட்டு மணி நேரத்துக்கு ஆறு பஃப்தான் எல்லை. அதே சால்பூட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுக்கவே கூடாது. கிட்டத்தட்ட அதே பெயரில் வரும் லெவோசால்பூட்டமாலின் பெயரும் தடைப்பட்டியலில் இருக்கிறது. அதனால் விளையாட்டு வீரர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெபுலைசர்? கிளினிக்கில் வைக்கும் ஒரு டோஸிலேயே 2,500 மைக்ரோகிராம் இருக்கும். ஒரே முறையில் நாள் எல்லை தாண்டிவிடும். அதற்காக மூச்சுத்திணறலோடு இருக்கும் பிள்ளைக்கு நெபுலைசர் வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயிர்தான் முதலில். அவசரச் சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. மருத்துவச் சீட்டு, டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

ஜாம்பவான்களும் தப்பவில்லை

2012-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் வென்ற பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸுக்கு மகரந்த அலர்ஜி. 2011, 2012 டூர் டி பிரான்ஸுக்கும் 2013-ல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்துக்கும் முன்பு, உரிய அனுமதியோடு டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். 2016-ல் ஹேக்கர்கள் அந்தக் கோப்புகளை வெளியிட, பெரிய சர்ச்சை வெடித்தது. விதியை மீறவில்லை, அலர்ஜிக்குத்தான் போட்டேன் என்றார் அவர். ஆனாலும் 'இது அவசியமா?' என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் எந்த வகை ஸ்டீராய்டு ஊசிக்கும் தடை வந்தது.

நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிறிஸ் ஃப்ரூமுக்கு ஆஸ்துமா. 2017 செப்டம்பரில் ஸ்பெயின் பந்தயத்தின்போது அவருடைய சிறுநீரில் சால்பூட்டமால் அனுமதித்த அளவைப் போல இரு மடங்கு இருந்தது. விசாரணை ஒன்பது மாதங்களுக்கு மேல் இழுத்து, 2018 ஜூலை 2 அன்று அவர் மீது தவறில்லை என்று முடிந்தது. இத்தாலியின் டியகோ உலிஸ்ஸிக்கோ அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014-ல் இதே மருந்துக்காக ஒன்பது மாதத் தடை.

பெரிய அணிகளுக்கு மருத்துவர், வக்கீல் எல்லாம் உண்டு. பெரம்பூரில் கடன் வாங்கி சைக்கிள் வாங்கிய பிள்ளைக்கு யார் உண்டு? ரயில்வே போன்ற நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்ற கனவு பல வீடுகளில் இருக்கிறது. ஒரு சிரப் பாட்டில் அதை உடைத்துவிடக் கூடாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா', மருந்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கும் வசதியை மொபைலிலேயே தருகிறது. தடைப்பட்ட மருந்து தவிர்க்கவே முடியாதது என்றால், மருத்துவச் சான்றுகளோடு அங்கேயே விலக்கு கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓட்டம் முடிந்து வந்ததும் ஜெர்சியோடு கட்டிலில் சாய வேண்டாம். மகரந்தமும் புகைத் துகளும் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டியிருக்கும். நேராகக் குளியலறை, தலைக்குக் குளியல், மாற்றுத்துணி. மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்வது நல்லது.

பழைய இலவம்பஞ்சுத் தலையணை தூசிப் பூச்சிகளின் மாளிகை. மாற்ற முடியாவிட்டால், நெருக்கமாக நெய்த உறை போட்டு, உறையை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். மழைக்காலத்தில் சுவர் ஈரம், கரப்பான் பூச்சி இரண்டையும் கவனிக்க வேண்டும். கரப்பானும் அலர்ஜியைத் தூண்டும். கொசுவத்திச் சுருள், ஊதுபத்திப் புகை வீரர் தூங்கும் அறையில் வேண்டாம்.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி, காலையும் மாலையும் ஊதி நோட்டில் எழுதலாம். நன்றாக இருக்கும் நாளின் அளவில் 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் வழக்கமான பயிற்சி. 50 முதல் 80 வரை என்றால் ஓட்டத்தைக் குறைத்து, மருத்துவர் சொன்ன மருந்துத் திட்டத்தைப் பின்பற்ற வேண்டும். 50-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. ஒரு வருடம் எழுதினால், உங்கள் வீட்டுக்கென்றே ஓர் அலர்ஜி காலண்டர் தயார்.

இன்ஹேலர் அடித்தும் மூச்சு சீராகவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தனியாக நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் பாக்கெட்டில் இன்ஹேலரும், தங்களுக்கு ஆஸ்துமா இருப்பதாக எழுதிய சீட்டும் வைத்திருக்க வேண்டும். கூட ஓட்டும் நண்பர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். இன்ஹேலரைப் பையில் மறைத்து வைக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டும் கிட்டைப்போல அதுவும் ஒரு பயணத் துணைதான். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

பந்தயத்துக்கு முன்... ஒரு பார்வை

- 3 வாரம் முன்பு: மருத்துவரைப் பார்த்து, ஸ்பிரே, இன்ஹேலர் திட்டத்தை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மருந்தும் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.
- 1 வாரம் முன்பு: புதிய மாத்திரை, புதிய கஷாயம் எதுவும் வேண்டாம். பீக் ஃப்ளோ அளவைத் தவறாமல் எழுதுங்கள்.
- முதல் நாள்: காற்றின் தரத்தைப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, சுத்தமான படுக்கையில் தூங்குங்கள்.
- பந்தய நாள்: மருத்துவர் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்பு இன்ஹேலர். பிறகு நிதானமான வார்ம்-அப்.
- முடிந்த பிறகு: சட்டென்று நிறுத்தாமல் 10 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். அரை மணி நேரமாவது யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் மூச்சு இறுகினால், அன்றைய பந்தயத்தை விட்டுக்கொடுக்கத் தயங்க வேண்டாம். அடுத்த பந்தயத்துக்கு இன்னொரு தேதி கிடைக்கும்.